நடன வகுப்பை நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் தரம் 4, வாரத்தில் இரண்டு நாள் பரதநாட்டிய வகுப்பு. தரம் 5ல் எழுத வேண்டிய புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குவதால் நடனத்தை நிறுத்தி வைக்கும்படி வகுப்பு ரீச்சர் சொல்கிறார். கலை படிப்புக்கு உதவும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது உண்மை? பாடசாலையில் கலையை வைத்துப் படிப்பித்தால் பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாகப் படிப்பார்களா?

நிறுத்த வேண்டாம், தங்கச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நடனம் ஆடினால் கணக்கில் புள்ளி கூடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். நான் கொழும்புப் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தவன், கொட்டாஞ்சேனையில் தொடங்கி பம்பலப்பிட்டியில் ஓய்வு பெற்றேன். இப்போதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத பெற்றார் குறைவு.

கலையால் மூளை வளரும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1993ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மொசாட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட பல்கலைக்கழக மாணவர்கள், உருவங்களை மனதில் வைத்து யோசிக்கும் ஒரு சோதனையைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. அதில் குழந்தைகள் யாரும் இருக்கவில்லை. ஆனால் அந்தச் செய்தி உலகம் சுற்றி வந்தபோது "மொசாட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும்" என்று ஆகிவிட்டது. 2004ல் டொரன்டோவில் இதைவிட நல்ல ஆய்வு ஒன்று வந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைப் பிரித்து, சிலருக்குக் கீபோர்ட், சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம் கற்றுக் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றும் இல்லை. 36 வாரத்துக்குப் பிறகு பார்த்தால், இசை படித்த பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளி மற்றவர்களைவிடச் சற்றே கூடியிருந்தது. நாடகம் செய்த பிள்ளைகள் மற்றவர்களோடு பழகும் விதத்தில் முன்னேறினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், அந்தச் சிறிய இசைப் பலனைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

ஆகவே, ஒரு கலையை ஒரு மூலையில் வைத்துப் படித்தால் அது தானாகவே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பாய்ந்து போகாது. நடனம் படித்தால் நடனம் வரும். அது சின்ன விடயமும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை தன் உடம்பைத் தன் சொல் கேட்க வைக்கப் பழகுவதை, புள்ளி கூடுகிறதா என்று பார்த்துத்தான் மதிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் கலை பாடத்துக்குள்ளேயே வரும்போது கதை மாறுகிறது. நான் இத்தனை வருடமாகச் சொல்லி வருவது இது ஒன்றைத்தான்.

நாடகத்தை எடுங்கள். கலையும் கல்வியும் பற்றிய பழைய ஆய்வுகளை 2000ஆம் ஆண்டில் ஒரு குழு மொத்தமாகச் சலித்துப் பார்த்தது. பல வகைக் கலைகளுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. உறுதியாக நின்ற சிலவற்றில் ஒன்று, வகுப்பறையில் கதையை நடித்துப் பார்ப்பது. அப்படி நடித்த பிள்ளைகளுக்கு வாசிப்பு விளக்கமும் பேச்சும் கூடியது. நடித்த கதையில் மட்டும் இல்லை, அவர்கள் நடிக்காத புதுக் கதைகளிலும் கூடியது. எனக்கு இதில் ஆச்சரியம் இருக்கவில்லை. கொழும்புத் தமிழ்ப் பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒரு தமிழ். அது யாழ்ப்பாணத் தமிழாக இருக்கலாம், மலையகத் தமிழாக இருக்கலாம், முஸ்லிம் பிள்ளை என்றால் அந்தத் தமிழ் இன்னொரு மாதிரி. ஒழுங்கையில் விளையாடும்போது பாதி சிங்களம். பாடப்புத்தகத்தைத் திறந்தால் இவை எதுவும் இல்லாத ஒரு எழுத்துத் தமிழ். "சென்றனர்", "உரைத்தான்" எல்லாம் அந்தப் பிள்ளையின் வாயில் ஒரு நாளும் வந்த சொற்கள் இல்லை. கண்ணால் பார்த்த சொல்லை வாய் பழகவில்லை என்றால் வாசிப்பு எப்படி ஓடும்? நாடகம் அந்தச் சொல்லை வாய்க்குக் கொண்டு வருகிறது, அதுவும் ஒரு காரணத்தோடு.

கொட்டாஞ்சேனையில் தரம் 7க்கு ஒருநாள் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை எடுத்தேன். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். வழக்கமாக என்றால் வாசித்து, அருஞ்சொல் எழுதி, "பாரியின் கொடைச் சிறப்பை விளக்குக" என்று கேட்டு முடித்திருப்பேன். அன்று நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, "இதில் பாரியின் தேரோட்டி இருக்கிறான். தேரைக் கொடியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறான். என்ன கேட்கப் போகிறீர்கள்?" என்றேன். கதிரையில் வந்து இருந்தவன் பின் வாங்கில் இருக்கும் ஒரு பையன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், அதனால் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். பிள்ளைகள் கேட்டார்கள்: வீட்டுக்கு எப்படிப் போனாய்? நடந்துதான் போனேன். ராஜாவோடு கோபமா? அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சொன்னான், "ஐயா, ஒரு கொம்பு நட்டு விட்டாக் காணும்தானே எண்டு கேக்க நினைச்சன். ஆனா அவருட முகத்தைப் பாத்தாப் பிறகு கேக்கேல்ல."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்புறம் ஒரே சண்டை. கொம்பு போதும் என்று தெரிந்தும் தேரைக் கொடுப்பது கொடையா, மடமையா? சங்கப் புலவர்கள் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: கொடைமடம். யாருக்கு, எதை, எவ்வளவு என்று பார்க்காமல் கொடுப்பது. அந்தச் சொல்லை நான் கரும்பலகையில் எழுதியபோது அது அருஞ்சொல்லாக இருக்கவில்லை, அவர்கள் ஏற்கனவே தேடிக்கொண்டிருந்த பொருளுக்கு ஒரு பெயராக வந்து விழுந்தது. அன்று வீட்டு வேலையாக, தேரோட்டி இரவு வீட்டில் மனைவியிடம் என்ன சொன்னான் என்று எழுதச் சொன்னேன். அந்தப் பையன் முக்கால் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. ஆனால் அது அவன் கொப்பியில் நான் பார்த்த மிக நீளமான எழுத்து.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் தரம் 5 விஞ்ஞானத்தைச் சில வகுப்புகளில் வழமைபோலவும், சில வகுப்புகளில் பாட்டு, படம், நடிப்பு சேர்த்தும் படிப்பித்து, சில வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 2019ல் வெளிவந்தது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் கலை சேர்ந்த பாடம் கூடுதலாக நின்றது. எழுத்து ஒன்றுதான் பாடத்துக்குள் போகும் வாசல் என்றால், அந்த வாசலில் இடறி விழும் பிள்ளைக்கு விஞ்ஞானமும் இல்லை, வரலாறும் இல்லை. வேறு வாசல் ஒன்று திறந்தால் உள்ளே வந்துவிடுகிறது.

அதே வருடம் ஹூஸ்டனில் இருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 42 பாடசாலைகள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். எந்தப் பாடசாலைகளுக்குக் கலைஞர்களும் கலை நிகழ்வுகளும் கூடுதலாகப் போக வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தெரிவு செய்தார்கள். அப்படிப் போன பாடசாலைகளில் ஒழுக்க முறைப்பாடுகள் குறைந்தன, எழுத்துப் பரீட்சைப் புள்ளி கூடியது, மற்றவர்மேல் உள்ள இரக்கம் கூடியது. உங்கள் வகுப்பு ரீச்சருக்குச் சொல்ல வேண்டிய விடயம் இதுதான்: கலைக்கு நேரம் கொடுத்ததால் கணிதத்திலோ வாசிப்பிலோ புள்ளி இறங்கவில்லை.

இனி கணிதம். நடனம் கணக்குக்கு உதவாது என்றேன் அல்லவா, ஆனால் உங்கள் மகள் படிக்கும் நடன வகுப்பில் ஒரு கணிதப் பாடம் முழுதாகக் கிடக்கிறது, யாராவது எடுத்து வகுப்பறையில் வைத்தால். பொது மடங்குகளுள் சிறியது, பொ.ம.சி. என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அதை இப்படிச் செய்து பாருங்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி "தகிட, தகிட" என்று மூன்று மூன்றாகச் சொல்லட்டும். மறுபாதி "தகதிமி, தகதிமி" என்று நான்கு நான்காக. வேகம் ஒன்றுதான். ஒவ்வொரு "த"விலும் மேசையில் ஒரு தட்டு. இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடியும் எப்போது ஒரே நேரத்தில் தட்டுவார்கள்? பன்னிரண்டு முடிந்து பதின்மூன்றாவதில். அந்தத் தட்டு விழும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து மூன்றும் ஐந்தும். பதினைந்து என்று யாரோ முன்கூட்டியே கத்துவான். "பெருக்கினால் வருகிறது, சேர்" என்பான். சரி என்று விட்டுவிட்டு நான்கையும் ஆறையும் கொடுங்கள். இருபத்துநான்கு என்று காத்திருப்பார்கள், பன்னிரண்டு முடிந்த உடனேயே தட்டு சேர்ந்து விழும். பெருக்கினால் போதும் என்று நினைத்த விதி ஏன் உடைந்தது என்று அவர்களே கேட்பார்கள். பொதுக் காரணி என்பதை விளங்க வைக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒரு பாடவேளை நாற்பது நிமிடம் என்றால் இதற்கு இருபது போதும்.

இசைக்கும் கணக்குக்கும் உள்ள இந்த உறவு நமக்குப் புதிதும் இல்லை. சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் படிப்பித்தவர். 1943ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இதே கொழும்பில் பொறுப்பேற்றார். 1947ல் வெளிவந்த அவருடைய யாழ் நூலைத் திறந்தால், மறைந்துபோன யாழை மீட்க அவர் பக்கம் பக்கமாகச் சுர விகிதங்களைக் கணக்குப் போட்டிருப்பது தெரியும். கணிதம் ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை.

கோலமும் அப்படித்தான். 1, 3, 5, 7, 5, 3, 1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 25. நடுவில் உள்ள 7 வரை கூட்டினால் 16, மிச்சம் 9. நாலின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும். ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து கூட்டிக்கொண்டு போனால் எப்போதும் ஒரு வர்க்க எண்தான் வரும் என்பதைப் பிள்ளை தரையில் பார்த்துவிடும். வெள்ளவத்தை மாடி வீடுகளில் முற்றம் இல்லை, மாபிள் தரையில் சோக்கட்டியால் போடலாம், துடைத்தால் போய்விடும்.

சித்திரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பாடசாலைகளில் அதிகமாக நடப்பதும் அதுதான், அதிகமாகப் பிழைப்பதும் அதுதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதைவிட, அந்த நேரத்துக்குள் அதை ஒரு சிறு படமாக வரைந்தவர்களுக்கு அது மிகக் கூடுதலாக ஞாபகம் இருந்தது. வடிவாக வரைந்தார்களா இல்லையா என்பதில் விடயம் இல்லை. வரைய வேண்டும் என்றால் முதலில் அது என்ன என்று யோசிக்க வேண்டும், அதுதான் வேலை செய்கிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? புத்தகத்தில் உள்ள பூவின் வெட்டுமுகத்தை அப்படியே பார்த்து கொப்பியில் இறக்கச் சொல்கிறோம். அங்கே பிள்ளையின் கை ஓடுகிறது, மனம் ஓடவில்லை. ஒரு செவ்வரத்தம்பூவைக் கையில் கொடுத்துவிட்டு, முதலில் அதைப் பாராமல் வரையச் சொல்லுங்கள். ஆறு இதழ், எட்டு இதழ் எல்லாம் வரும். பிறகு பார்த்து வரையச் சொல்லுங்கள். ஐந்து இதழ். நடுவில் நீண்டு நிற்கும் குழாயில் மகரந்தக் கேசரங்கள், அதன் நுனியில் ஐந்து சிறு பொட்டுகள். தினமும் வீட்டு வாசலில் பார்த்த பூவை இன்றுதான் பார்த்தேன் என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது. தாவரவியல் படிக்கும் ஒரு மனம் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. கொழும்பு 7ல் 1877ல் திறந்த தேசிய நூதனசாலையில், காலியில் 1911ல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு நிற்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த கல், 1409 என்று தேதியிட்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்பகுதியில் கோவில் கொண்ட நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய வழிபாட்டுக்கும் காணிக்கை. கொடுத்த பொருட்களின் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். தரம் 8, 9 பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகும் பாடசாலைகள், வரிசையில் நடத்தி, குறிப்பு எழுதவைத்து, பஸ்ஸில் ஏற்றிவிடுகின்றன. அதற்குப் பதிலாக அந்த ஒரு கல்லின் முன்னால் அரை மணி நேரம் இருந்தால் என்ன? மூன்று குழுவாகப் பிரிந்து, மூன்று எழுத்தர்களாக நடிக்கட்டும். ஒரே அன்பளிப்பை மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும், ஒருவர் மனமும் நோகக் கூடாது. யார் பெயர் முதலில்? எந்தச் சொல்? இந்தத் தீவுக்கு எத்தனை பேர் எத்தனை நோக்கத்தோடு வந்து போனார்கள் என்று அந்தப் பிள்ளை எழுதும் விடை, மனப்பாடம் செய்த விடை மாதிரி இருக்காது.

இப்போது இதெல்லாம் எங்கே கெட்டுப்போகிறது என்று சொல்கிறேன். நான் கண்ணால் பார்த்தவை.

நீர்ச் சக்கரத்தை நடிக்கிறோம் என்று ஒரு வகுப்பில் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பிள்ளைக்குச் சூரிய கிரீடம், நான்கு பேருக்குப் பஞ்சு ஒட்டிய முகில், மற்றவர்கள் நீலத் துணி. எல்லாம் அம்மாமார் இரவிரவாகச் செய்தது. பிள்ளைகள் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லிவிட்டுக் கும்பிட்டார்கள். முடிந்தபின் ஒரு நீர்த்துளியிடம் "நீ ஏன் மேலே போனாய்?" என்று கேட்டேன். "ரீச்சர் போகச் சொன்னா" என்றது. பாவம், அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. அதே பாடத்தைக் கிரீடமும் பஞ்சும் இல்லாமல் செய்யலாம். எல்லோரும் நீர்த்துளிகள், நெருங்கி ஒட்டி நிற்கிறார்கள். "வெயில் ஏறுகிறது, உனக்கு என்ன ஆகிறது, ஆடிக் காட்டு" என்று சொல்லிவிட்டு ரீச்சர் பேசாமல் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை விலகி ஓடும், இன்னொன்று ஏன் எனக்கு இடம் காணாது என்று கேட்கும். வேடம் போட்டதில் பிள்ளை படிப்பதில்லை. தான் என்ன செய்வது என்று தானே தீர்மானிக்க வேண்டி வரும்போதுதான் படிக்கிறது.

தமிழ்மொழித் தினப் போட்டியும் அப்படி ஆகிவிட்டது. அந்தப் போட்டிகளில் நான் மாணவர்களை வலய மட்டம், மாகாண மட்டம் என்று கொண்டு போனவன், அதன் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பாடசாலையில் ஆயிரம் பிள்ளைகள் இருந்தால் மேடை ஏறுவது முப்பது பேர், வருடா வருடம் அதே முப்பது பேர். மிச்சப் பேருக்குக் கலை என்றால் மண்டபத்தில் இருந்து கைதட்டுவது. தரம் 6ல் இருந்து ஒவ்வொரு பிள்ளையும் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று ஓர் அழகியல் பாடத்தைத் தெரிவு செய்கிறது. ஆனால் பரீட்சை கிட்ட வந்தால் முதலில் பறிபோகும் பாடவேளையும் அதுதான். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் மூன்றாம் தவணை முழுக்க நாடகப் பாடவேளையைக் கணித மீட்டலுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனவருத்தம் உண்டு.

ஆசிரியர்களின் பயத்தையும் நான் குறைவாக எண்ணவில்லை. சத்தம் கேட்டால் பக்கத்து வகுப்பு முறையிடும், அதிபர் வருவார், பாடத்திட்டம் முடியாது. என் பட்டறைகளில் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு தவணைக்கு மூன்று பாடத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள். பிள்ளைகள் எப்போதும் பிழை விடும் பாடமாக இருக்கட்டும். அந்த மூன்றை மட்டும் இப்படிச் செய்யுங்கள், மற்றவற்றை வழமைபோல நடத்துங்கள். தவணைப் பரீட்சையில் அந்த மூன்று பாடத்தின் விடைகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் இதற்கு நல்ல வேர்களும் இருக்கின்றன. 1934ல் தாகூர் வந்து ஹொறணையில் ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார், சாந்திநிகேதனைப் போல கலையோடு சேர்ந்த ஒரு பாடசாலையாக. வடக்கில் குழந்தை ம. சண்முகலிங்கம் விளையாட்டில் இருந்தே சிறுவர் நாடகத்தை வளர்த்தார். 2025 ஜனவரியில் அவர் காலமானபோது, அவரிடம் நேராகவும் அவருடைய மாணவர்களிடமும் படித்த எத்தனையோ நாடக ஆசிரியர்கள் கொழும்பிலும் இருந்தார்கள். ஆகவே ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். இரண்டு நாள் நடனம் கூடிப்போகிறது என்றால் ஒரு நாளாக்குங்கள், அவளிடம் கேட்டுவிட்டு. அவளுடைய பொழுது எதில் போகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் நேரத்தைத் தின்பது நடனம் இல்லை, காலி வீதி நெரிசலில் ஒரு ரியூஷனில் இருந்து இன்னொரு ரியூஷனுக்கு ஓடுவதுதான். ஒரே பாடத்துக்கு இரண்டு ரியூஷன் இருந்தால் அதில் ஒன்றை நிறுத்துங்கள். வீட்டில் கடந்தகால வினாத்தாள் செய்யும்போது ஒரு கேள்வி பிழைத்தால், விடையைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். "நீ ரீச்சர், நான் பிள்ளை, எனக்கு விளங்கப்படுத்து" என்று கதிரையில் இருந்துவிடுங்கள். விளங்காத மாதிரி இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கே தடுமாறுகிறாள் என்று அவளுக்கே தெரியவரும்.

வகுப்பு ரீச்சரைச் சந்திக்கும்போது நடனத்தை விடலாமா, கூடாதா என்று வாதாட வேண்டாம். அவருக்கும் மேலிருந்து நெருக்குதல் இருக்கிறது. அடுத்த தவணையில் சுற்றாடல் பாடத்தில் ஒன்றே ஒன்றை, வேடம் எதுவும் இல்லாமல், பிள்ளைகள் நடித்துப் பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். மேசை, வாங்கு தள்ளி வைக்க இரண்டு பெற்றார் வருகிறோம் என்றும் சொல்லுங்கள். அவர் ஓம் என்றால் எனக்கு எழுதுங்கள், எந்தப் பாடம் என்று பார்த்து நாற்பது நிமிடத்துக்கு ஒரு ஒழுங்கு போட்டுத் தருகிறேன்.